எந்திரத்திற்காக ஏன் அழுகிறோம்?

மாணவர்களே! ஜப்பான் நாட்டு அனிமே தொடர்களை உங்களுள் பலர் விரும்பிப் பார்ப்பீர்கள். அறிவியல் புனைகதைத் தொடர்களில் ஒரு காட்சி அடிக்கடி வரும். போர் நடந்துகொண்டிருக்கும், திடீரென்று எல்லாம் நின்றுவிடும். வீரனின் முகம் மட்டும் அசையாமல் திரையில் நிற்கும். பிறகு அவனது இளமைக்கால நிகழ்ச்சி ஒன்று காட்டப்படும். அது முடிந்து மீண்டும் அதே முகம் தோன்றும்போது நம் கண்கள் கலங்கியிருக்கும். முகம் முன்பிருந்தபடியேதான் இருக்கிறது. நமக்குத்தான் இப்போது ஒரு செய்தி தெரிந்துவிட்டது.

கதை தொடங்கும் முன்பே நடந்து முடிந்தவற்றை முன்கதை என்பர். அது எவ்வாறு நம்மைக் கலங்கச் செய்கிறது என்பதை ஒரு பழைய தொடரைக் கொண்டு காண்போம்.

ஒசாமு தெசுகா என்னும் ஓவியர் 1952 முதல் எந்திரச் சிறுவன் ஒருவனைத் தலைவனாக வைத்துப் படக்கதை வரைந்துவந்தார். அணுவைக் குறிக்கும் பெயர் கொண்ட அச்சிறுவனைப் பிற நாட்டார் ஆஸ்ட்ரோ பாய் என அறிவர். அக்கதை 1963 ஜனவரி முதல் நாள் தொலைக்காட்சித் தொடராக ஒளிபரப்பாகத் தொடங்கியது.

அவனது முன்கதை இது. அறிவியல் அமைச்சகத்தின் தலைவரான தென்மா, தம் மகன் தோபியோவைச் சாலை விபத்தில் இழக்கிறார். துயரம் தாளாமல் மகனின் உருவிலேயே ஓர் எந்திரச் சிறுவனைச் செய்கிறார். இறந்த மகனே திரும்பி வந்தான் என்று மகிழ்கிறார். நாள்கள் செல்லச் செல்ல ஒரு குறை புலப்படுகிறது. பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு ஆண்டு சட்டை சிறிதாகும், இவனுக்கு ஆகவில்லை. இவன் வளரவே மாட்டான் என்று உணர்ந்த தந்தை சினம் கொண்டு அவனைச் சர்க்கஸ் ஒன்றுக்கு விற்றுவிடுகிறார்.

அச்சிறுவன் செய்த பிழை யாது? ஒன்றும் இல்லை. தென்மாவைக் கொடியவர் என்று ஒதுக்கவும் நம்மால் இயலவில்லை; அவர் மகனை இழந்தவர். ஆயினும் இறந்த பிள்ளையையே நினைத்திருந்தவர், எதிரே நின்ற பிள்ளையைப் பார்க்கத் தவறினார். பின்னர் ஒச்சனோமிசு என்னும் பேராசிரியர் அவனை மீட்டுக் காக்கிறார். அவனுக்குத் தாய் தந்தையராக இரண்டு எந்திரங்களையும் செய்து தருகிறார். அதாவது, பெற்றோர் மகனுக்குப் பின் பிறந்தவர்கள்! கேட்டவுடன் சிரிப்பு வரும். சற்றே நினைத்தால் அச்சிரிப்பு அடங்கிவிடும்.

இதன் பிறகு அச்சிறுவன் மனிதர்களைக் காப்பாற்றப் பறக்கும் ஒவ்வொரு முறையும், ஒரு மனிதர் அவனை விற்றார் என்பது நம் நினைவில் இருக்கும்.

இம்முறை பெருகியதற்கு வேறொரு காரணமும் உண்டு. திரைப்படத்தில் ஒரு நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடுகின்றன. வாரந்தோறும் அரைமணி நேரத் தொடருக்கு அத்தனை ஓவியங்கள் வரையத் தெசுகாவின் குழுவினருக்குப் பொருளும் இல்லை, பொழுதும் இல்லை. ஆகவே ஓர் ஓவியத்தையே மூன்று சட்டகங்களுக்கு நிறுத்தினர். நொடிக்கு எட்டு ஓவியங்கள் போதுமானவையாயின. பல காட்சிகளில் வாய் மட்டும் அசையும். சிலவற்றில் அதுவும் அசையாது. அசையாத முகத்தைப் பார்ப்பவர் சலிப்படைய வேண்டும் அல்லவா? முன்கதை அறிந்தவர் சலிப்படைவதில்லை. முகத்தில் இல்லாத துயரத்தை அவரே அங்கே கண்டுகொள்கிறார்.

முன்கதையை எந்த இடத்தில் வைப்பது என்பதும் எண்ணிப் பார்க்கத்தக்கது. தெசுகா தம் தொடரின் முதல் பகுதியிலேயே அதனைக் கூறிவிட்டார். நம் சிலப்பதிகாரத்தில் இளங்கோவடிகளோ நெடுந்தொலைவு காக்க வைக்கிறார். கோவலன் கொலையுண்டு, மதுரை தீக்கிரையான பிறகே, கட்டுரைக் காதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகியின் பின்னே தோன்றிக் கோவலனின் முற்பிறப்பைச் சொல்கிறது. அப்பிறப்பில் அவன் சிங்கபுரத்து அரசனிடம் பணியாற்றிய பரதன். சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் என்று பொய்யாகக் கூறிக் கொலைசெய்வித்தான். சங்கமனின் மனைவி நீலி சாபமிட்டு உயிர் துறந்தாள். காரணம் விளங்கிவிட்டது. ஆயினும் கண்ணகியின் துயர் குறையவில்லை. கணவனோடு கீழை வாயில் வழியே நகருக்குள் வந்தவள், மேலை வாயில் வழியே தனியே வெளியேறுகிறாள்.

இனி, நாம் வாழும் ஐதராபாத்திற்கு வருவோம். சோட்டா பீம் தொடரை உருவாக்கிய கிரீன் கோல்ட் நிறுவனம் இந்நகரைச் சேர்ந்தது என்பதை அறிவீர்கள். ‘கல்கி 2898 ஏடி’ திரைப்படம் 2024 ஜூன் 27 அன்று வெளியாயிற்று. அதற்கு ஏறத்தாழ நான்கு வாரங்களுக்கு முன், மே 31 அன்று, இந்நிறுவனத்தின் பங்களிப்பில் உருவான ‘புஜ்ஜி அண்ட் பைரவா’ என்னும் அறிவியல் புனைகதைத் தொடரின் முதல் இரண்டு பகுதிகள் இணையவழி வெளியாயின. அது அனிமே அன்று. எனினும் அத்தொடர் முழுவதும் முன்கதையே.

புஜ்ஜி ஒரு செயற்கை அறிவு. சரக்குக் கலம் ஒன்றை இயக்கிவந்த அது, பணியில் தவறியதால் பழைய இரும்புக் குவியலில் எறியப்படுகிறது. பைரவன் அதனை எடுத்துத் தோழியாக்கிக் கொள்கிறான். எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடாக இருந்த அதன் பெயர் அவன் வாயில் புஜ்ஜி ஆகிறது. தெலுங்கு பேசும் உங்கள் நண்பர்களைக் கேளுங்கள்; அது குழந்தைகளைக் கொஞ்சும் சொல். எண்ணிட்டு அழைக்கப்பட்ட ஒன்று செல்லப் பெயர் பெறுகிறது என்பதே அம்முன்கதையின் உருக்கமான இடம். நகைச்சுவையையே பெரிதும் நாடும் அத்தொடர் அவ்விடத்தில் இன்னும் சற்று நின்றிருக்கலாம்.

புஜ்ஜிக்கு முகம் கிடையாது. நடிகை கீர்த்தி சுரேஷின் குரலே அதற்கு உயிர். திரைப்படத்தில் அதன் உடலாக வரும் வண்டி உண்மையாகவே ஓடக்கூடியது. எடை ஏறத்தாழ 6 டன். மகிந்திரா பொறியாளர்களும் ஜேயெம் நிறுவனத்தாரும் அதனைக் கோயம்புத்தூரில் செய்தனர். ஆம், உங்களுள் சிலரைப் போலவே புஜ்ஜியும் அங்கிருந்து இங்கே வந்ததுதான்.

சிந்தித்து எழுதுக

1. தென்மா மீண்டும் அச்சிறுவனைச் சந்தித்தால் என்ன பேசுவார்? உரையாடலாக எழுதுக.
2. முன்கதையைத் தொடக்கத்தில் கூறுவது, இறுதியில் கூறுவது ஆகியவற்றுள் எது உங்களுக்குப் பிடிக்கும்? காரணம் தருக.
3. உங்கள் குடும்பம் ஐதராபாத்திற்கு வந்த முன்கதையைத் தாத்தா, பாட்டி அல்லது பெற்றோரிடம் கேட்டுப் பத்து வரிகளில் எழுதுக.