காஞ்சியிலிருந்து கடல்வரை: பாலாற்றோரம் ஒரு சைக்கிள் வழி

செங்கல்பட்டைத் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போகிறவர்கள் பாலாற்றுப் பாலத்தை ஒரு நிமிடத்துக்குள் கடந்துவிடுகிறார்கள். பஸ் ஜன்னலில் தெரிவது மணல், நாணல், நடுவில் எங்கேயாவது ஒரு கோடாகத் தண்ணீர். ‘இது செத்த ஆறு’ என்று பலரும் முடிவுகட்டுவது அந்த ஒரு நிமிடத்தில்தான். 2021 நவம்பரில் வேலூர்ப் பக்கத்திலிருந்து விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கும் மேல் தண்ணீர் வந்து இதே படுகையைக் கரைபுரள நிரப்பியது. மற்ற நாட்களில் ஆறு மணலுக்கு அடியில் ஓடுகிறது. கரையோர ஊர்களும் நகரங்களும் குடிப்பது அந்த ஊற்றுநீரைத்தான்.

ஓர் ஆற்றை அறிந்துகொள்ள அதைக் குறுக்கே கடந்தால் போதாது, கூடவே போக வேண்டும். அதற்குத் தோதான வண்டி சைக்கிள். சென்னையில் சனி, ஞாயிறு விடிகாலையில் நூற்றுக்கணக்கானவர்கள் ஈ.சி.ஆரில் மாமல்லபுரம்வரை மிதித்துத் திரும்புகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் உள்நாட்டுப் பக்கம் திரும்புவதில்லை. காஞ்சிபுரத்தில் கிளம்பி, பாலாற்றின் போக்கிலேயே செங்கல்பட்டு வந்து, திருக்கழுக்குன்றம் வழியாகச் சதுரங்கப்பட்டினத்தில் கடலைத் தொட ஒரு வழி இருக்கிறது. அதற்குச் சைக்கிள் பாதை என்று பெயர்ப்பலகை வைத்தவர் எவரும் இல்லை. ஆனாலும் சதுரங்கப்பட்டினம், செங்கல்பட்டு, காஞ்சிபுரம், அரக்கோணம், திருத்தணி ஆகிய ஊர்களைக் கோக்கும் மாநில நெடுஞ்சாலை 58 ஏறத்தாழ அந்தத் தடத்தில்தான் போகிறது.

ஆற்றோர வழிகளை உலகம் முழுக்கச் சைக்கிள் பயணிகள் விரும்புவதற்குக் காரணம் எளியது. தண்ணீர் ஏற்றத்தில் ஓடாது. ஆற்றின் போக்கில் போகிறவருக்கு ஒட்டுமொத்தத்தில் இறக்கமே கிடைக்கும். பழைய ஊர்கள் ஆற்றங்கரையில் இருப்பதால் சோறும் தங்க இடமும் தானாக அமையும். ஜெர்மனிக்கும் போலந்துக்கும் எல்லையாக ஓடும் ஓடர், நைசே ஆறுகளின் ஓரமாக, செக் நாட்டிலுள்ள நைசேயின் ஊற்றுக்கண்ணிலிருந்து பால்டிக் கடல்வரை சுமார் 630 கி.மீ. நீளத்துக்கு ஒரு சைக்கிள் வழி உண்டு. பெரும்பகுதி வெள்ளத்தடுப்புக் கரைமேலேயே போகும் தார்ப்பாதை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் எல்லையாக வகுக்கப்பட்ட ஆற்றின் கரையில் இன்று குடும்பத்தோடு சைக்கிள் மிதிக்கிறார்கள். களைத்துப்போனால் பக்கத்து ஸ்டேஷனில் சைக்கிளோடு ரயிலேறலாம். அதற்கென்றே ரயிலில் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

பாலாறும் எல்லைகளைக் கடந்து வரும் ஆறுதான். கர்நாடகத்தில் நந்தி மலைப் பகுதியில் பிறந்து அங்கே 93 கி.மீ., ஆந்திரத்தில் 33 கி.மீ., தமிழ்நாட்டில் 222 கி.மீ. ஓடுகிறது. மேலே எவ்வளவு தண்ணீரைத் தேக்கலாம் என்ற வழக்கு 1892ஆம் ஆண்டின் சென்னை–மைசூர் ஒப்பந்தக் காலத்திலிருந்தே உயிரோடு இருக்கிறது. செங்கல்பட்டு மாவட்டத்துக்குள் கடலை நெருங்கும்போது, பெரும்பாலும் வடகரை திருக்கழுக்குன்றம் வட்டம், தென்கரை மதுராந்தகம், செய்யூர் வட்டங்கள் என்று ஆறே எல்லைக்கோடாகிவிடுகிறது.

காஞ்சிபுரம் கடல் மட்டத்துக்கு மேல் 83 மீட்டர், செங்கல்பட்டு 36 மீட்டர். காஞ்சியிலிருந்து கடல்வரை எழுபது, எழுபத்தைந்து கிலோமீட்டரில் இறங்குவது இவ்வளவுதான். கியர் இல்லாத வீட்டுச் சைக்கிளுக்கும் இது கஷ்டமில்லை. பழகியவர்கள் ஒரே நாளில் முடிப்பார்கள். பார்த்துக்கொண்டே போக விரும்புகிறவர்கள் செங்கல்பட்டில் இரவு தங்கி இரண்டு நாளாக வைத்துக்கொள்வது நல்லது.

முதல் பகுதி காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டுவரை, ஏறக்குறைய 40 கி.மீ. வாலாஜாபாத்தைத் தாண்டியதும் பழையசீவரம். சாலையோரக் குன்றின்மேல் லட்சுமி நரசிம்மர் கோயில். பொங்கலை ஒட்டிக் காஞ்சி வரதராஜர் பார்வேட்டைக்கு இங்கே எழுந்தருள்வார். கீழே பாலாற்றில் தடுப்பணை. மழைக்காலம் முடிந்த சில மாதங்களுக்கு அணைக்கு மேலே தண்ணீர் விரிந்து நிற்க, கொக்கும் நாரையும் அதன் ஓரம் பிடித்து நிற்கும். எதிர்க்கரை திருமுக்கூடல். செய்யாறும் வேகவதியும் பாலாற்றோடு கலக்கும் இடம். பாலத்தில் ஏறி அக்கரை போய்வர அதிக நேரம் ஆகாது, தவறவிடக் கூடாது. அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிலில், 11ஆம் நூற்றாண்டில் ஆண்ட வீரராஜேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு இருக்கிறது. கோயிலை ஒட்டி நடந்த கல்விச்சாலை, மாணவர் விடுதி, 15 படுக்கை கொண்ட மருத்துவமனை எல்லாவற்றுக்கும் அதில் கணக்கு இருக்கிறது. மருத்துவருக்கும் அறுவை செய்பவருக்கும் பணிப்பெண்களுக்கும் என்ன கூலி, ஓராண்டுக்கு எந்தெந்த மருந்தைச் சேர்த்துவைக்க வேண்டும் என்பதுவரை வெட்டியிருக்கிறார்கள். மூன்று ஆறு கூடும் இடத்தில் ஆயிரம் ஆண்டுக்கு முன் ஓர் ஆஸ்பத்திரி நடந்த செய்தி, பாடப்புத்தகத்தில் படிப்பதைவிட அந்தக் கரைக்கு மிதித்துவந்து பார்க்கும்போது ஆழமாகப் பதிகிறது.

பழையசீவரத்திலிருந்து பாலூர் வழியாகச் செங்கல்பட்டு. செங்கல்பட்டு–அரக்கோணம் ரயில் பாதையும் இங்கே கூடவே வருகிறது. இந்தப் பகுதியில் கல்குவாரி லாரிகளும் கம்பெனிச் சரக்கு வண்டிகளும் அதிகம். காலை ஆறு மணிக்குக் காஞ்சியை விட்டால் நெரிசலுக்கு முன் செங்கல்பட்டு சேர்ந்துவிடலாம்.

வழியிலேயே செழிப்பானது இரண்டாவது பகுதி. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் 14 கி.மீ. சுமார் 3 கி.மீ. போனதுமே வல்லத்தில் ஒரு குன்று, அதில் குடைவரைகள். அவற்றில் ஒன்று மகேந்திரவர்மப் பல்லவனுக்குக் கீழ்ப்பட்ட கந்தசேனன் செய்வித்தது என்று அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. மாமல்லபுரத்துச் சிற்பங்களைப் பார்க்கப் போகிறவர்கள், அந்தக் கலை தொடங்கிய எளிய நிலையை இங்கே முதலில் பார்த்துக்கொள்வது நல்ல வரிசை. ஆறு இங்கே நம்மை விட்டுத் தெற்கே சில கிலோமீட்டர் ஒதுங்கிவிடுகிறது. கரையை விட மனமில்லாதவர்கள் வள்ளிபுரம் பக்கம் கிராமச் சாலைகளில் இறங்கி ஈசூர்–வள்ளிபுரம் தடுப்பணையைப் பார்த்துவிட்டு வரலாம்.

திருக்கழுக்குன்றத்தில் வேதகிரீசுவரர் மலையேறாமல் போக முடியாது. உச்சிவேளையில் அன்னம் வாங்கவந்த கழுகுகள் 1990களுக்குப் பிறகு வருவதில்லை. ஊர்க்காரர்கள் இன்றும் அவற்றைப் பற்றி வீட்டாளைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுகிறார்கள். மலையில் பல்லவர் குடைந்த ஒருகல் மண்டபம் இருக்கிறது. உள்ளே தூண்களைக் கிட்டப்போய்ப் பார்த்தால் ரோமன் எழுத்தில் பெயர்கள் தெரியும். 17ஆம் நூற்றாண்டில் சதுரங்கப்பட்டினத்து டச்சு வணிகர்கள் வந்து தங்கள் பெயரைச் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். சில எழுத்துகள் அச்சடித்ததுபோலத் திருத்தமாக இருக்கின்றன, அவசரத்தில் கீறிவிட்டுப் போனவை இல்லை. கடற்கரைக் கோட்டையிலிருந்து மலை பார்க்க அவர்கள் வந்த திசையில்தான் அடுத்து நம் சைக்கிள் இறங்குகிறது.

கீழே இறங்கினால் சதுரங்கப்பட்டினம். கடலைப் பார்த்த செங்கல் கோட்டை, அதற்குள் டச்சுக் கல்லறைகள். கல்லில் செதுக்கிய மாலைகளும் குலச்சின்னங்களும் இன்னும் கூர்மையாக இருக்கின்றன. இங்கிருந்து மஸ்லின் துணி ஏற்றுமதியானது. 1782 பிப்ரவரியில் இந்தக் கரைக்கு எதிரேதான் ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி ஹியூஸும் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரேனும் கடற்போர் நடத்தினார்கள். பக்கத்திலேயே கல்பாக்கம் அணுமின் நிலையம். முதல் உலை 1984இல் வணிகரீதியில் மின் உற்பத்தியைத் தொடங்கியது. நிலைய வளாகத்துக்குள் அனுமதியில்லாமல் போக முடியாது, வேலியோரம் நின்று படமெடுக்கவும் கூடாது.

ஆறு கடலில் சேரும் இடத்தைப் பார்க்க, திருக்கழுக்குன்றத்திலிருந்து நெரும்பூர் வழியாகவோ, கல்பாக்கத்திலிருந்து ஈ.சி.ஆரில் தெற்கே இறங்கியோ வாயலூர் போக வேண்டும். வாயலூர்க் கோயில் தூணில் ராஜசிம்ம பல்லவனின் கல்வெட்டு பிரம்மாவில் தொடங்கி அவன்வரை பல்லவர் வம்சவரிசையைச் சொல்கிறது. ஓர் அரச குலம் தன் வரலாற்றை எழுதிவைக்கத் தலைநகரைத் தாண்டி ஆற்றின் வாயில்வரை வந்திருக்கிறது. அருகிலுள்ள வசவசமுத்திரத்தில் 1970இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழ்ந்தபோது ரோமானிய மதுச்சாடிகளின் ஓடுகளும் உறைகிணறுகளும் கிடைத்தன. இந்த முகத்துவாரம் அப்போதே வெளிநாட்டுச் சரக்கு இறங்கிய துறை. காஞ்சியும் கடலும் பாலாற்றால் பிணைந்திருந்ததற்கு இந்த இரண்டு ஊர்களைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. அங்கிருந்து ஈ.சி.ஆர். பாலத்தில் தென்கரைக்குப் போய்த் திரும்பி, வடக்கே மாமல்லபுரத்தில் பயணத்தை முடிக்கலாம்.

இனி நடைமுறை. டிசம்பர் பின்பாதி முதல் பிப்ரவரிவரை ஏற்ற காலம். வாடை முகத்தில் அடித்தாலும் வெயில் தாங்கும், ஆற்றிலும் ஏரிகளிலும் தண்ணீர் இருக்கும். தென்கரையில் படாளம் பக்கம் திரும்பினால் வேடந்தாங்கலில் பறவைக் காலம். ஜூன், ஜூலையில் விடிகாலை மேல்காற்று முதுகைத் தள்ளிக்கொண்டு வரும், ஆனால் மதியத்துக்கு மேல் கடல்காற்று எதிர்த்து எழும். அதற்குள் கரை சேர வேண்டும். ஏப்ரல், மே வேண்டாம். வடகிழக்குப் பருவமழையின் உச்சத்தில் தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால், கணுக்கால் அளவுதானே என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்கக் கூடாது. கரையோர மண்பாதைகளில் சீமைக்கருவேல முள் இருக்கும். பஞ்சரானால் டியூபை மாற்றுவதற்கு முன் டயரின் உள்பக்கம் முழுக்க விரலால் மெதுவாகத் தடவி முள் முனையைத் தேடி எடுங்கள். அதை விட்டுவிட்டுப் புது டியூப் போட்டால் கொஞ்ச தூரத்திலேயே அதுவும் போகும். கையில் பம்பும் இரண்டு டியூபும் கட்டாயம். ஊர்க் கடைகளில் மோட்டார் சைக்கிள் டியூப் கிடைக்கும், மெல்லிய ரேஸ் சைக்கிள் டியூப் கிடைக்காது.

முட்களைவிடப் பெரிய ஆபத்து சாலைதான். ஈ.சி.ஆரில் மாமல்லபுரத்துக்குத் தெற்கே நான்குவழிப் பணி எடுக்கப்பட்டது. காஞ்சி–செங்கல்பட்டுச் சாலையிலும் அகலப்படுத்தும் பணி நடந்தது. சாலை அகலமாகும்போது வேகம் கூடுகிறது. ஓரத்தில் மிதிக்கிறவருக்கு வெள்ளைக் கோட்டுக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு சாணே மிஞ்சுகிறது. இதில் பாதிக்கப்படுவது பயணிகள் மட்டுமில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வயலுக்குப் போகிறவர்களும் தினமும் மிதிக்கும் சாலை இது. அரசுப் பள்ளிகளில் இலவசமாகக் கொடுத்த சைக்கிள்கள்தான் இந்தக் கிராமங்களில் அதிகம் ஓடுகின்றன. அந்தப் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான ஓரம் கிடைத்தால், ஆற்றோரப் பயணிகளுக்கும் அதுவே போதும்.

கேட்பது பெரிய செலவில்லை. அகலப்படுத்தும் வேலையோடு சேர்த்தே இருபுறமும் ஒன்றரை மீட்டர் தார் ஓரம் விட வேண்டும். பழையசீவரம், வல்லம், வள்ளிபுரம், வாயலூர் திருப்பங்களில் தமிழில் வழிகாட்டிப் பலகைகள் வேண்டும். நீர்வளத் துறை பலப்படுத்தும் ஆற்றங்கரைகளின் மேல்தளத்தை நடக்கவும் மிதிக்கவும் ஏற்றபடி சமன்செய்ய வேண்டும். அரக்கோணம்–செங்கல்பட்டு ரயிலில் சைக்கிளுக்கு ஒரு பெட்டியின் மூலையாவது ஒதுக்கினால், ஒரு வழி மிதித்து மறு வழி ரயிலில் திரும்பலாம். எல்லாவற்றுக்கும் முதலாக மணல் கொள்ளை நிற்க வேண்டும். படுகை பள்ளமாகிப்போனால் ஊற்றும் வற்றும், தடுப்பணைத் தண்ணீரும் தங்காது, பக்கத்தில் பாதை போட்டும் பார்க்க ஆறு இருக்காது.