போடியில் ‘போல்டு’ என்றால் 8 மில்லிமீட்டர்!

“போல்டு வேணுமா, மீடியம் போடவா?”

போடிநாயக்கனூர் கடையில் ஏலக்காய் வாங்கப் போனபோது முதன்முறையாக இந்தக் கேள்வியைக் கேட்டு ஒரு நிமிடம் விழித்தேன். எனக்குத் தெரிந்த போல்டு எல்லாம் வேறு. எதிர்த்துக் கேள்வி கேட்கும் பெண்ணைச் சொல்வோம். கம்ப்யூட்டரில் எழுத்தைத் தடிமனாக்குவோம். ஸ்டம்ப் எகிறினால், “கிளீன் போல்டு!” என்று டி.வி. முன்னால் கத்துவோம். கடைக்கார அண்ணனோ ரெண்டு கையிலும் ஒவ்வொரு பிடி காயை அள்ளி என் மூக்குக்கு நேராக நீட்டினார். “இது எட்டு எம்.எம்.மா. என்னா போல்டா இருக்குன்னு பாருங்க!”

பச்சைப் பசேலென்று, வயிறு புடைத்த காய்கள். அதுதான் போடியின் போல்டு.

கிரிக்கெட் போல்டை முதலில் ஓரங்கட்டிவிடலாம். அது ‘பவுல்’ என்ற வேறு சொல்லின் பிள்ளை. நட்டும் போல்ட்டும் இன்னொரு குடும்பம். தமிழில் எழுதும்போது மூன்றும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நிற்கின்றன, அவ்வளவுதான்.

அசல் போல்டுக்குப் பழைய ஆங்கிலத்தில் துணிச்சல் என்று பொருள். அங்கிருந்து கூச்சமில்லாதது, அடங்காதது என்று அது சறுக்கியது. அயர்லாந்தில் இன்றைக்கும் சேட்டை செய்யும் குழந்தையை ‘போல்டு’ என்றுதான் திட்டுவார்கள். நம் ஊரிலும் இந்தச் சறுக்கல் உண்டு. “அந்தப் பொண்ணு ரொம்ப போல்டு” என்பது சொல்கிறவர் குரலைப் பொறுத்துப் பாராட்டாகவும் இருக்கும், குத்தலாகவும் இருக்கும். ஒரு பையனை யாராவது ‘போல்டான பையன்’ என்று சொல்லி எத்தனை முறை கேட்டிருக்கிறீர்கள்? சினிமாக்காரர்கள் ‘போல்டான சீன்’ என்றால் என்ன அர்த்தம் என்று வீட்டில் சிறுசுகள் கேட்டால், நாம் சேனலை மாற்றிவிடுகிறோம்.

அச்சுக்கூடத்துக்குப் போனதும் அதே சொல் கண்ணில் எடுப்பாகப் படுகிற தடித்த எழுத்தைக் குறித்தது. இதற்கு நம்மிடம் அருமையான வார்த்தை இருக்கிறது: கொட்டை எழுத்து. யோசித்துப் பார்த்தால், போடிக்காரர்கள் சொல்லும் அர்த்தத்துக்கு அது ரொம்பப் பக்கம். வியாபார ஆங்கிலத்தில் போல்டு என்றால் திரண்ட மணி, பருவெட்டான காய். மைசூர் நக்கெட்ஸ் எக்ஸ்ட்ரா போல்டு என்று காபிக்கொட்டையில் ஒரு ரகம். மிளகில் தலசேரி கார்பிள்டு எக்ஸ்ட்ரா போல்டு. ஏற்றுமதியாகும் நிலக்கடலையிலும் போல்டு உண்டு. ஏலக்காயில் ஆலப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்டு. மலையில் விளைந்த காய்க்கு ஆலப்புழை பெயர் எப்படி? திருவிதாங்கூர் காலத்தில் காய் அந்தத் துறைமுக ஊரின் கிடங்குக்குப் போன கதையின் மிச்சம் அது.

இந்த போல்டைக் குரலை வைத்துத் தீர்மானிக்க முடியாது. சல்லடை தீர்மானிக்கும். அக்மார்க் தரப்படி எக்ஸ்ட்ரா போல்டு என்றால் காயின் குறுக்களவு 7 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அதோடு முடியவில்லை. ஒரு லிட்டர் படியில் கொட்டி நிறுத்தால் 435 கிராம் காட்ட வேண்டும். வெறும் போல்டுக்கு 6 மில்லிமீட்டர், 415 கிராம். அதாவது, தோல் மட்டும் உப்பி உள்ளே அரிசி இல்லாத காய், எவ்வளவு பெரிதாக இருந்தாலும் தேறாது. வியாபாரிகள் பேச்சில் இது ‘லிட்டர் வெயிட்’. சந்தையில் இப்போது 8 எம்.எம். போல்டுக்குத்தான் மவுசு. அரபு நாடுகளில் கஹ்வா காபிக்கு ஏலக்காய் இல்லாமல் ஆகாது. அங்கே பெரிய பச்சைக் காய் என்றால் தனி மரியாதை. அந்தச் சந்தையைப் பிடிக்கத்தான் குவாத்தமாலாவோடு நம் மலைக்காய் மல்லுக்கு நிற்கிறது.

ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் நடக்கும் ஊர்கள் இரண்டு. ஒன்று போடி, இன்னொன்று மலைக்கு மேலே இடுக்கி மாவட்டத்துப் புற்றடி. (ஏலத்தை ஏலம் விடும் ஏலம்! ஆங்கிலத்தை மட்டும் ஏன் கேலி செய்வானேன்?) ஒவ்வொரு லாட்டுக்கும் மாதிரிக் காய் வியாபாரிகள் கைக்கு வரும். நிறம், பருமன், கனம் பார்த்து சில நொடிகளில் விலை முடிந்துவிடும். விவசாயி வருஷம் முழுக்கப் பார்த்த பாடு அந்த நொடிகளில் அடங்கிவிடுகிறது. 2018 வெள்ளமும் அடுத்து வந்த வறட்சியும் விளைச்சலைத் தின்ற பிறகு, 2019 ஆகஸ்டில் புற்றடியில் ஒரு லாட் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. மூன்றே வருஷத்தில் சராசரி விலை ஆயிரத்துக்கும் கீழே விழுந்தது. அப்படிப்பட்ட காலத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது சின்ன சமாச்சாரம் இல்லை. சிறு விவசாயிகள் பெரும்பாலும் காயைத் தரம் பிரிக்காமல் மொத்தமாகத்தான் கொண்டுவருகிறார்கள். பிரிக்கிற வேலை போடியின் கிடங்குகளில் நடக்கிறது.

அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் பெண்கள். சல்லடையில் விழுந்தது போக மிச்சத்தைக் கண்ணும் விரலும் பார்த்துக்கொள்ளும். வெடித்தது ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம், கறுத்தது ஒரு பக்கம். குனிந்த தலை நிமிராமல் மணிக்கணக்கில் இந்த வேலை.

காய் எடுப்பவர்களும் பெண்கள்தான். போடி, தேவாரம், கோம்பை, கம்பம் பக்கமெல்லாம் விடியும் முன்பே ஜீப்புகள் ஆள் ஏற்றிக்கொண்டு மலைக்குக் கிளம்பிவிடும். போடிமெட்டுப் பாதையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏலச்செடி ஆளை விட உயரம் வளரும். ஆனால் காய்க்கிற சரமோ அடித்தூரில், தரையோடு படர்ந்து கிடக்கும். செடிக்குச் செடி குனிந்தோ, குத்தவைத்தோதான் பறிக்க வேண்டும். மழைக்காலத்தில் அட்டைக்கடி வேறு. பழுத்தால் உலர்த்தும்போது வெடிக்கும், பிஞ்சென்றால் சுருங்கிவிடும். முற்றிய பச்சையாகப் பார்த்துக் கிள்ளத் தெரிய வேண்டும். கிட்டத்தட்ட ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்தால் ஒரு கிலோ தேறும். உலர்த்தும் கட்டடத்துக்கு மலையில் பெயர் ‘ஸ்டோர்’. அங்கே போய் சோப்பு கேட்டுவிடாதீர்கள்!

இந்தப் பெண்களை யாரும் போல்டு என்று சொல்லிக் கேட்டதில்லை. இருட்டோடு எழுந்து சோறாக்கி, தூக்குவாளியோடு நெரிசல் ஜீப்பில் தொற்றிக்கொண்டு மலை ஏறுகிறவர்களுக்கு அந்தப் பட்டம் ஏனோ போய்ச் சேரவில்லை. அவர்கள் பறித்துப் பிரித்த காய்க்குத்தான் அது கிடைக்கிறது.

நான் கடையில் யோசித்துக்கொண்டு நின்றேன். போல்டுக்கும் மீடியத்துக்கும் விலையில் நல்ல வித்தியாசம்.

“எதுக்குங்க, வீட்டுக்கா? யாருக்கும் கொடுக்கவா?”

“வீட்டுக்குத்தான். பாயசம், டீ...”

“அப்ப எதுக்கும்மா போல்டு? தட்டிப் போடப் போறீங்க. வாசம் அரிசியிலதான் இருக்கு, தோல்ல இல்ல.” ஒரு மீடியம் காயைப் பிளந்து உள்ளங்கையில் வைத்தார். கறுப்பாக, பிசுபிசுவென்று அரிசி ஒட்டிக்கொண்டிருந்தது. மோந்து பார்த்தேன்.

“மீடியமே கால் கிலோ போடுங்கண்ணே.”

போல்டைப் பெரிய டப்பாவில் திரும்பக் கொட்டி, மூடியை இறுக்கிவிட்டுத்தான் தராசைத் தொட்டார்.