யாழ் இருந்த இடத்தில் வீணை



விடுமுறை நாட்களில் தாம்பரம், குரோம்பேட்டைத் திரையரங்குகளுக்குக் குடும்பத்தோடு சரித்திரப் படம் பார்க்கச் செல்வோர் பலர். செல்லாதவர் வீட்டுக்கும் தொலைக்காட்சி அதைக் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறது. அரசனின் உடையும் வாளும் அவன் காலத்துக்கு உரியவையா என்று நம்மில் சிலர் கூர்ந்து நோக்குகின்றோம். ஆனால், அவன் அவையில் ஒலிக்கும் இசை அக்காலத்து இசைதானா என்று எத்தனை பேர் கேட்டிருப்போம்? கண்ணுக்கு வைக்கும் காவலைக் காதுக்கு நாம் வைப்பதில்லை.

எல்லோரும் அறிந்த 'திருவிளையாடல்' (1965) படத்தையே எடுத்துக்கொள்வோம். பாண்டியன் அவைக்கு வந்த வடநாட்டு இசைவாணர் ஏமநாதரை விறகு விற்பவர் வடிவில் இறைவன் பாடி வென்றதாகக் கதை. பரஞ்சோதி முனிவரின் நூல், அவர் யாழ் மீட்டிச் சாதாரி என்னும் பண்ணைப் பாடியதாகக் கூறுகிறது. படத்திலோ சிவாஜி கணேசனின் கையில் வீணை இருக்கிறது. கே.வி. மகாதேவன் இசையில் டி.எம். சௌந்தரராஜன் பாடிய அப்பாடலின் இராகம் கௌரிமனோகரி. வேங்கடமகி 72 மேளங்களை வகுத்தது 17ஆம் நூற்றாண்டில். அவ்வழி வந்த மேள வரிசையில் 23ஆவதாக நிற்பது இந்த இராகம். இன்று நாம் காணும் 24 மெட்டுகள் கொண்ட தஞ்சை வீணையும் அந்த நூற்றாண்டில் ஆண்ட இரகுநாத நாயக்கர் காலத்தில் உருப்பெற்றதென்பர். அப்படியாயின், பாண்டியன் அவையில் நாம் கேட்டது நாயக்கர் காலத்துக்குப் பிந்திய தஞ்சாவூரின் இசை!

பாடல் இனிமையானது என்பதை யாரும் மறுக்க மாட்டார். ஆனால், அந்த இனிமைக்கு நாம் கொடுத்த விலை என்ன? யாழ் என்றால் வீணையின் பழைய பெயர் என்று நம் பிள்ளைகள் எண்ணத் தொடங்கிவிட்டனர். இரண்டும் வெவ்வேறு கருவிகள். வீணையில் ஒரே நரம்பை மெட்டுகளின் மேல் அழுத்திப் பல சுரங்களைப் பெறுவர். யாழில் மெட்டு கிடையாது. ஒவ்வொரு சுரத்துக்கும் தனித்தனி நரம்பு உண்டு. வழக்கொழிந்துபோன அக்கருவியின் அமைப்பைப் பழந்தமிழ் நூல்களிலிருந்து ஆராய்ந்து விபுலானந்த அடிகள் 'யாழ் நூல்' எழுதினார். 1947இல் அது அரங்கேறியது. ஒரு பேரறிஞர் நெடுங்காலம் உழைத்து மீட்டுத் தந்ததைத் திரைப்படம் மூன்று நிமிடத்தில் மறக்கச் செய்துவிடுகிறது.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது? சினிமாவுக்கு முன்னிருந்த நாடக மேடையிலிருந்துதான். அங்கே இராமனும் அரிச்சந்திரனும் ஆர்மோனியத்தின் துணையோடு பாடினர். ஆர்மோனியமோ பிரான்சு நாட்டில் 1840களில் உருவாகி, பின்னர் நம் நாட்டுக்கு வந்த கருவி. நம் பம்மலின் பெயரைத் தம் பெயரோடு சுமந்த சம்பந்த முதலியார் (1873–1964) உரைநடை வசனத்துக்கு மேடையில் இடம் பெற்றுத் தந்தார். ஆயினும் பாட்டின் ஆட்சி குறையவில்லை. பேசும்படம் வந்தபோது அந்தப் பாட்டு மரபு அப்படியே திரைக்குக் குடிபெயர்ந்தது.

இங்கே நடுநிலை தவறக் கூடாது. படத்தின் பின்னணியில் ஒலிக்கும் இசை நமக்காக இசைக்கப்படுவது. கதை மாந்தர் காதில் அது விழுவதில்லை. 'இராஜராஜ சோழன்' (1973) படத்துக்கு இசையமைத்தவர் வயலின் மேதை குன்னக்குடி வைத்தியநாதன். பாலுசாமி தீட்சிதர் போன்றோரால் வயலின் கர்நாடக இசைக்குள் வந்ததோ இராஜராஜனுக்கு ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்குப் பின். எனினும், பின்னணியில் வயலின் ஒலித்தால் அது குற்றமாகாது. சோழன் இன்றைய தமிழில் வசனம் பேசுவதை நாம் ஏற்கவில்லையா? கதை மாந்தரின் கையில் ஒரு கருவியைக் கொடுத்து, "இதுவே அக்காலத்து இசை" என்று காட்டும்போதுதான் கேள்வி எழுகிறது.

முஸ்லிம் மன்னர்களைப் பற்றிய படங்களும் இதற்கு விலக்கல்ல. 'முகலே ஆஸம்' (1960) இந்திப் படத்தில் தான்சேனுக்காகப் பாடியவர் படே குலாம் அலி கான். பெரிய உஸ்தாத், ஐயமில்லை. ஆனால் தான்சேன் துருபத் பாடியவர். உஸ்தாத் வளர்ந்த கயால், தும்ரி பாணிகளோ அக்பருக்கு வெகு காலத்துக்குப் பின் செல்வாக்குப் பெற்றவை.

நம் மேடைகளையும் சற்றுத் திரும்பிப் பார்ப்போம். சிதாரையும் தபேலாவையும் அமீர் குஸ்ரு (1253–1325) கண்டுபிடித்தார் என்று பெருமையோடு முழங்குகின்றோம். இவ்விரண்டு கருவிகளுக்கும் தெளிவான சான்று கிடைப்பதோ 18ஆம் நூற்றாண்டில்தான் என்பர் ஆய்வாளர். பாரசீகத்திலும் இந்தவியிலும் கவி பாடிய அம்மேதைக்கு இரவல் புகழ் எதற்கு?

இசைக்கருவிகள் பற்றி மார்க்க அறிஞரிடையே உள்ள கருத்து வேறுபாடு தனிப்பொருள். அதனுள் இங்கே நாம் புகவில்லை. நாம் கேட்பது செய்தியின் உண்மையை. ஹதீஸ் கலையில் "இதைச் சொன்னவர் யார்? அவர் யாரிடம் கேட்டார்?" என்று சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் சோதிக்கக் கற்றுத் தருகின்றோம். அந்தப் பழக்கம் மதரஸாவின் வாசலோடு நின்றுவிடலாமா? திரை சொல்லும் வரலாற்றுக்கும் ஸனது கேட்க நம் பிள்ளைகள் பழக வேண்டாமா?

சான்றுகள் அருகிலேயே உள்ளன. பல்லாவரத்துக் குன்றில் 7ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் குடைவித்த குகை, பிற்காலத்தில் தர்காவாகி நம் மக்கள் சென்றுவரும் இடமாயிற்று. அம்மன்னனின் பட்டப்பெயர்கள் அங்கே கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. 'சங்கீர்ணஜாதி' என்ற அவனுடைய பட்டத்தை இசையோடு தொடர்புபடுத்துவர் அறிஞர். புதுக்கோட்டையை அடுத்த குடுமியான்மலையிலோ சுரங்களையே வரிசையாகப் பொறித்த பல்லவர் காலத்துக் கல்வெட்டு நிற்கிறது. அது மகேந்திரவர்மனுடையதுதானா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால், அக்காலத்து இசைக்கு எழுத்துச் சான்று உண்டு என்பதில் வேறுபாடில்லை.

பெற்றோரே! படம் பார்க்காதே என்று தடுப்பதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. அடுத்த விடுமுறையில் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். அங்குள்ள அமராவதிச் சிற்பங்களுக்கிடையே வில்போல் வளைந்த யாழைத் தேடச் சொல்லுங்கள். பிறகு திரையில் வீணையோடு ஒரு சங்ககாலப் பாணர் தோன்றும்போது, நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை; கேள்வி அவர்களிடமிருந்தே வரும்.