மார்த்தா ஏன் சாக வேண்டும்?

பெண்ணைப் பெண் காதலிக்கும் படம் ஒன்று வருகிறது என்றால், பால்புதுமைப் பெண்கள் பலர் முதலில் விசாரிப்பது ஒன்றைத்தான்: "கடைசியில் அவள் செத்துப்போகிறாளா?" ஆமாம் என்று தெரிந்தால் சிலர் டிக்கெட்டே எடுக்க மாட்டார்கள். தெரியாமல் போய் உட்கார்ந்தவர்கள் ஆத்திரத்தோடு வெளியே வருவார்கள். மற்ற ரசிகர்களுக்கு இந்த ஆத்திரம் விளங்குவதில்லை. சோகப் படமே எடுக்கக் கூடாதா, தேவதாஸ் சாகவில்லையா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். டீ சொல்லியாயிற்று, அவசரமில்லை. ஒரே ஒரு படத்தை வைத்துக்கொண்டு நிதானமாகப் பார்ப்போம்.

1961-இல் வந்த அமெரிக்கப் படம், 'தி சில்ட்ரன்ஸ் அவர்'. இயக்கியவர் வில்லியம் வைலர். கேரனாக ஆட்ரி ஹெப்பர்ன், மார்த்தாவாக ஷெர்லி மெக்லைன். நெடுநாள் தோழிகளான இருவரும் சேர்ந்து பெண்பிள்ளைகளுக்கு ஒரு விடுதிப் பள்ளி நடத்துகிறார்கள். தண்டனை வாங்கிய மேரி என்ற மாணவி, அவர்களைப் பழிவாங்கத் தன் பாட்டியிடம் ஒரு கதை கட்டிவிடுகிறாள். அந்தக் காட்சியைக் கவனித்துப் பாருங்கள். கார் போய்க்கொண்டிருக்கிறது. பின்சீட்டில் பேத்தி பாட்டியின் காதில் எதையோ கிசுகிசுக்கிறாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருக்கும் நமக்கு ஒரு வார்த்தையும் கேட்காது, பாட்டியின் முகம் மாறுவது மட்டும் தெரியும். படம் முடியும்வரை அந்தச் சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்வதே இல்லை. ஆனால் பெற்றோர் ஒவ்வொருவராக வந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். பள்ளி காலியாகிறது. தோழிகள் அவதூறு வழக்குப் போட்டுத் தோற்கிறார்கள்.

அதற்குப் பிறகு வருவதுதான் பலரால் மறக்க முடியாத காட்சி. வெறிச்சோடிக் கிடக்கும் வீட்டில் மார்த்தா உடைந்து போகிறாள். அந்தப் பிள்ளை சொன்ன பொய்க்குள் ஒரு துளி நிஜம் இருந்தது, கேரனை அவள் நேசித்தது அந்த விதமாகத்தான், அது அவளுக்கே இப்போதுதான் புரிகிறது. காதலைச் சொல்கிறவள் கூடவே தனக்கு நோய் பிடித்துவிட்டது, தன்மேல் அழுக்கு ஒட்டிக்கொண்டது என்றும் கதறுகிறாள். சற்று நேரத்தில் பாட்டி வந்து, பேத்தி சொன்னது பொய் என்று தெரிந்துவிட்டது, தீர்ப்பையும் மாற்றச் செய்கிறேன் என்று மன்னிப்புக் கேட்கிறார். பழி நீங்கிவிட்டது. அதற்குப் பிறகும் மார்த்தா தன் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். இந்த வரிசைதான் முக்கியம். ஊர் சுமத்திய குற்றம் போய்விட்டது, மிச்சம் இருப்பது அவளுடைய காதல் மட்டும். அப்படியானால் அவளைக் கொன்றது எது என்று படம் சொல்கிறது?

அந்த நாளில் இரண்டு விதமான பார்வையாளர்கள் இருந்தார்கள். 'நியூயார்க் டைம்ஸ்' விமர்சகர் பாஸ்லி கிரவுதருக்குப் படம் நம்பும்படியாக இல்லை. படித்தவர்கள் வாழும் ஊரில் இந்தக் காலத்தில் ஒரு வதந்திக்காக இவ்வளவு கொடுமையாகவா நடந்துகொள்வார்கள் என்று எழுதினார். அவர் அப்படி எழுதியபோது அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலில் வைத்திருந்தது. 1973-இல்தான் அந்தச் சங்கம் அதை நீக்க முடிவெடுத்தது. உலக சுகாதார நிறுவனம் நீக்க 1990 ஆயிற்று. கிரவுதருக்கு நம்ப முடியாததாகத் தோன்றியது, அரங்கில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்த இன்னொரு வகைப் பார்வையாளருக்கு அன்றாடம். அவர்களில் பெரும்பாலோர் அப்போது தங்கள் பெயரில் எழுதவில்லை, எழுதியிருந்தால் வேலை போயிருக்கக்கூடும். 1995-இல் வந்த 'தி செல்லுலாய்ட் க்ளாசெட்' ஆவணப்படத்தில் எழுத்தாளர் சூசி பிரைட் பேசுகிறார். மார்த்தா உடையும் அந்தக் காட்சி இன்னும் தன்னை அழவைக்கிறது என்கிறார். பழைய படம், காலம் மாறிவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாலும் அழுகை நிற்பதில்லை.

அந்த அழுகை எங்கிருந்து வருகிறது என்பதை உளவியல் ஓரளவுக்கு விளக்கியிருக்கிறது. இலான் மேயர் என்ற ஆய்வாளர் 2003-இல் 'சிறுபான்மை மன அழுத்தம்' என்ற கோட்பாட்டை விரிவாக எழுதினார். தன்பாலீர்ப்பு உள்ளவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாகக் காணப்படுவது உண்மை. அதற்குக் காரணம் அவர்களுடைய காதல் அல்ல, அந்தக் காதலைச் சுற்றி இருக்கும் ஏச்சும் ஒதுக்கலும் ஒளித்துவைக்கும் பாடும்தான் என்கிறது அந்தக் கோட்பாடு. இதில் மிகக் கொடியது, வெளியிலிருந்து வந்த ஏச்சு மெல்ல உள்ளே இறங்கி, ஆள் தன் குரலிலேயே தன்னை ஏசத் தொடங்குவது. மார்த்தா தன்னை நோயாளி என்று சொல்லும் இடத்தில் மெக்லைன் இதை அப்படியே நடித்திருக்கிறார். பாட்டியின் குரல் மார்த்தாவின் வாயிலிருந்து வருகிறது. இந்த ஒரு காட்சிக்காகவே படத்தைப் பார்க்கலாம் என்பேன். ஆனால் கேமரா அதைச் சுட்டிக்காட்டாமல் நகர்ந்துவிடுகிறது. பார்க்கிற இளம்பெண் ஒருத்தி, இது ஊர் தந்த புண் என்று எடுத்துக்கொள்வாளா, இது என் நோய் என்று எடுத்துக்கொள்வாளா?

மெக்லைனுக்கே இந்த உறுத்தல் இருந்திருக்கிறது. அதே ஆவணப்படத்தில் அவர் வெளிப்படையாகப் பேசுகிறார். படப்பிடிப்பில் யாரும் இதைப் பற்றிப் பேசிக்கொள்ளவே இல்லை. மார்த்தாவின் காதல் மெல்ல மெல்லத் தெரியும்படி இருந்த காட்சிகளை வைலர் தயங்கி வெட்டிவிட்டார். இன்றைய மார்த்தா சாக மாட்டாள், போராடுவாள் என்கிறார் மெக்லைன்.

வைலரின் தயக்கத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. இது முதலில் லிலியன் ஹெல்மன் எழுதிய நாடகம். 1934-இல் நியூயார்க்கில் அரங்கேறி 691 காட்சிகள் ஓடியது. பாஸ்டனில் தடை, லண்டனில் பொது அரங்குக்கு அனுமதி மறுப்பு. 1936-இல் இதே வைலர் முதல்முறை படமாக்கியபோது ஹாலிவுட் தணிக்கை விதி குறுக்கே நின்றது. 'தீஸ் த்ரீ' என்று பெயர் மாறியது. பெண்ணின் மேல் பெண் கொண்ட காதல், தோழியின் வருங்காலக் கணவன்மேல் மார்த்தா கொண்ட காதலாக மாறியது. அந்தப் படத்தில் மார்த்தா சாகவில்லை! ஆணைக் காதலித்தபோது பிழைத்துக்கொண்ட அதே பாத்திரம், 1961-இல் பெண்ணைக் காதலிக்க அனுமதி கிடைத்ததும் செத்துப்போகிறது. தணிக்கை விதியை அந்த ஆண்டுதான் தளர்த்தியிருந்தார்கள்.

தேவதாஸ் கேள்விக்கு இங்கேதான் பதில் இருக்கிறது. தேவதாஸ் குடித்துச் செத்த அதே காலத்தில் நூறு காதலர்கள் திரையில் மாலை மாற்றிக்கொண்டார்கள். ஆணும் பெண்ணும் காதலித்தால் சாவுதான் என்று யாரும் நினைத்துக்கொள்ள வழியில்லை. மார்த்தாவைப் பார்த்த பெண்ணுக்கு மாற்றாக வேறொருத்தி திரையில் இல்லை. வீட்டோ ரூஸோ 1981-இல் எழுதிய 'தி செல்லுலாய்ட் க்ளாசெட்' நூலின் கடைசியில், ஹாலிவுட்டில் செத்துப்போன இத்தகைய பாத்திரங்களின் பட்டியலையே சேர்த்திருக்கிறார். கொலை, தற்கொலை, விபத்து என்று அது நீள்கிறது. 2016 மார்ச்சில் 'தி 100' தொடரில் லெக்ஸா, தான் நேசித்த பெண்ணோடு சேர்ந்த கொஞ்ச நேரத்தில், யாருக்கோ வைத்த குண்டு பாய்ந்து சாகிறாள். ரசிகைகள் கொதித்தார்கள். கொதித்ததோடு நிற்காமல், பால்புதுமை இளைஞர்களின் தற்கொலையைத் தடுக்க உழைக்கும் ட்ரெவர் ப்ராஜெக்ட் அமைப்புக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல் திரட்டித் தந்தார்கள். திரையில் ஒருத்தி சாகும்போது இருட்டில் உட்கார்ந்திருக்கும் எவளோ ஒருத்தியைப் பற்றி அவர்கள் கவலைப்பட்டார்கள். தொடரை உருவாக்கியவர் வருத்தம் தெரிவித்துக் கட்டுரை எழுத வேண்டியதாயிற்று.

இதற்கெல்லாம் "யதார்த்தம் அப்படித்தானே, அந்தக் காலத்தில் அவளால் வேறென்ன செய்திருக்க முடியும்?" என்று சமாதானம் சொல்பவர்கள் உண்டு. இந்த ஒரு கதையில் அந்தச் சமாதானம் எடுபடாது. ஏனென்றால் இது நடந்த கதை. எடின்பரோவில் மேரியன் வுட்ஸ், ஜேன் பைரி என்ற இரண்டு ஆசிரியைகள் 1809-இல் ஒரு பெண்கள் பள்ளி தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு ஜேன் கம்மிங் என்ற மாணவி, அவர்களைப் பற்றித் தன் பாட்டி லேடி கம்மிங் கார்டனிடம் சொன்னாள். ஓரிரு நாளில் பள்ளி காலி. மாணவியின் தகப்பன் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இந்தியா வந்தவர், தாய் ஓர் இந்தியப் பெண். அதனால் இந்தியாவும் கூண்டில் ஏற்றப்பட்டது. பிரிட்டிஷ் பெண்களுக்கு இப்படிப்பட்ட எண்ணமே வராது, இந்த மாணவி இந்தியாவில் வேலைக்காரிகளிடம் கேட்டதைத்தான் சொல்லியிருப்பாள் என்ற ரீதியில் ஒரு நீதிபதி வாதிட்டார். நம் பாட்டிமார்களை அவமதித்து அந்த ஆசிரியைகளைக் காப்பாற்றிய வாதம் அது. படிக்கும்போது எனக்கு இரண்டு பக்கமும் வலித்தது.

அந்த இரு பெண்களும் காதலர்களா, வெறும் தோழிகளா என்பதை இன்று யாராலும் சொல்ல முடியாது. வழக்கு நடத்தினார்கள் என்பது மட்டும் நிச்சயம். 1811-இல் ஒரே ஒரு நீதிபதி வித்தியாசத்தில் தோற்றார்கள். விடவில்லை, மறுவிசாரணை கேட்டு 1812-இல் அதே ஒரு நீதிபதி வித்தியாசத்தில் வென்றார்கள். பாட்டி லண்டனுக்கு மேல்முறையீடு போனார். 1819-இல் பிரபுக்கள் சபை அதைத் தள்ளுபடி செய்தது. கேட்ட இழப்பீட்டில் சிறு பகுதிதான் கைக்கு வந்தது. பைரிக்கு எடின்பரோவில் பிறகு ஆசிரியை வேலை கிடைக்கவில்லை, வுட்ஸ் லண்டன் போய்ப் பாடம் நடத்தினார். பள்ளியும் பிழைப்பும் போயின, உயிர் போகவில்லை.

ஹெல்மன் இந்த வழக்கை வில்லியம் ரஃப்ஹெட் எழுதிய ஒரு புத்தகத்தில் படித்துத்தான் நாடகம் எழுதினார். வென்ற வழக்கைத் தோற்ற வழக்காக்கியதும், மார்த்தாவைச் சாகவைத்ததும் அவர் சேர்த்தவை.