இஸ்லாமியச் சகோதரர் நடுவே செல்லுமுன்

மிஷன் ஞாயிறுக்கு முந்தின வாரம் ஞானோபதேச வகுப்பில் எங்கள் அருட்சகோதரி ஒரு கேள்வி கேட்டார்கள். முஸ்லிம் மக்கள் வாழும் ஓர் ஊருக்கு நாங்கள் ஒரு மாதம் தொண்டு செய்யப் போவதானால் என்னென்ன ஆயத்தம் செய்வோம்? விவிலியம், செபமாலை, சுரூபப் படங்கள், மருந்துப் பெட்டி, பழைய துணி என்று ஆளுக்கொன்றாகச் சொன்னோம். அம்மக்களின் மொழியைக் கற்போம் என்று ஒருவரும் சொல்லவில்லை. சகோதரி சிரித்துவிட்டு, புனித சார்லஸ் தெ ஃபூக்கோவின் வரலாற்றை வாசித்து வரும்படி என்னிடம் கூறினார்கள்.

வகுப்பு முடிந்து வெளியே வந்தேன். நன்னெறி வகுப்பிலிருந்து வந்த என் முஸ்லிம் தோழி, "இன்று உங்களுக்கு என்ன பாடம்?" என்று கேட்டாள். எனக்கு ஏனோ உடனே பதில் சொல்ல நா எழவில்லை. அன்றே அந்தப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன்.

ஃபூக்கோ 1858-இல் பிரான்சு நாட்டில் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் பிறந்தார். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தார். வாலிபத்தில் விசுவாசத்தையும் இழந்தார். இராணுவ அதிகாரியாயிருந்து விலகி, 1883-84-இல் யூத குருவைப்போல் வேடமிட்டு மொரோக்கோ நாட்டைச் சுற்றினார். நாள்தோறும் ஐந்து வேளை இறைவன் முன் பணியும் முஸ்லிம்களைக் கண்டது அவர் மனத்தைக் கலக்கியது. 1886-இல் அவர் திருச்சபைக்குத் திரும்பினார். முஸ்லிம்களுக்குப் போதிக்கச் செல்லுமுன், இறைவனைத் தேடும்படி அவரைத் தூண்டியவர்களே முஸ்லிம்கள்தாம்!

1901-இல் குருப்பட்டம் பெற்று அல்ஜீரியப் பாலைவனம் சென்றார். 1905-இல் தமன்ராசெத் என்னும் சிற்றூரில் துவாரெக் மக்களிடையே குடியேறினார். அங்கே ஆண்கள் முகத்தை மூடுவார்கள்; பெண்கள் மூடுவதில்லை. (இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. தெரியாமல் போய் நின்றால் எத்தனை தவறு செய்வோம்!) அவர் அங்கே பிரசங்கம் செய்யவில்லை. அம்மக்களின் மொழியைக் கற்றார், பாடல்களைக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார், வருடக்கணக்கில் உழைத்து அகராதி தொகுத்தார். அவர் இறந்த பின் 1951-52-இல் அது நான்கு பெரும் பாகங்களாக அச்சாயிற்று.

எனினும் அவருடைய உண்மையான ஆயத்தம் 1908 சனவரியில்தான் நடந்ததென்பது என் எண்ணம். அப்போது கடும் வறட்சி. தம்மிடமிருந்த உணவைப் பசித்த பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, அவர் நோயில் விழுந்தார். உடன் ஒரு கிறிஸ்தவரும் இல்லாததால் அந்தக் கிறிஸ்மஸுக்குத் திருப்பலிகூட நிறைவேற்ற முடியாமற் போயிருந்தது. கொடுப்பதற்கு அவரிடம் ஒன்றுமில்லை. அந்த வேளையில் துவாரெக் மக்கள் சுற்றுப்புறமெங்கும் தேடி, மடி வற்றிய ஆடுகளில் கிடைத்த சிறிது பாலைச் சேர்த்து வந்து அவருக்கு ஊட்டி உயிர் பிழைக்கச் செய்தார்கள். அதுவரை உதவி செய்ய வந்தவராயிருந்தவர், அன்றுமுதல் அவர்கள் வீட்டு மனிதரானார்.

அவரிடமும் குறை உண்டு. அந்நாட்டை ஆண்ட பிரெஞ்சு இராணுவத்தாரோடு அவர் மிக நெருக்கமாயிருந்தார். முதல் உலகப் போரின்போது, 1916 டிசம்பர் 1-ஆம் நாள் ஆயுதக் கூட்டத்தார் அவரைப் பிடித்தார்கள். அங்கேயே சுடப்பட்டு இறந்தார். மனந்திருப்பியவர்களை எண்ணினால் அநேகமாக யாருமில்லை. ஆயினும் 2022 மே 15-இல் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். முஸ்லிம்களைத் திருச்சபை மதிப்புடன் நோக்குகிறதென்று 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூறியதை, அவர் அரை நூற்றாண்டு முன்னதாகவே வாழ்ந்து பார்த்தார் எனலாம்.

பழைய பட்டியலைத் திருத்தி எழுதினேன்: மொழி, நோன்பு நாட்கள், உணவு முறை, வீட்டிற்குள் நுழையும் முறை. கடைசியில் மருந்துப் பெட்டியும் பழைய துணியும். இம்முறை அதை என் தோழியிடமே கொடுத்தேன். அவள் பொறுமையாக வாசித்தாள். திருக்குர்ஆனில் மரியன்னையின் பெயரால் ஓர் அதிகாரமே உண்டென்றும், அதைப் பற்றிப் பேச ஆரம்பிக்கலாமே என்றும் சொன்னாள். பிறகு என் பேனாவை வாங்கி, 'பழைய துணி' என்பதை மட்டும் அடித்தாள்.

"பெருநாளைக்கு முன் நாங்கள் ஏழைகளுக்குக் கொடுக்கும் ஃபித்ரா அரிசி, நாங்கள் சாப்பிடும் அதே அரிசியாக இருக்கவேண்டும் என்று வாப்பா சொல்வார்கள்" என்றாள்.