சிமெண்ட்டுக்குள் எட்டிப் பார்க்கும் கம்ப்யூட்டர்

கள்ளக்குறிச்சியில் என் வீட்டுக்குத் தளம் போட்ட அன்று, கலவை இறுகலாக இருக்கிறது என்று மேஸ்திரி இன்னொரு வாளி தண்ணீர் ஊற்றப் போனார். தடுத்தேன். “ஏன் சார்?” என்றார். கம்ப்யூட்டர் காட்டிய விடை இதோ.

சிமெண்ட்டும் தண்ணீரும் சேர்ந்தால் கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட் என்ற பசை உருவாகும். மணலையும் ஜல்லியையும் பிடித்து வைப்பது அதுதான். அதன் துகள்கள் சில நானோமீட்டர் அளவே. ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சம் நானோமீட்டர்!

2009-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் இந்தப் பசையின் மாதிரியை அணு அணுவாகக் கம்ப்யூட்டரில் உருவாக்கினார்கள். அணுக்கள் ஒன்றையொன்று எவ்வளவு இழுக்கின்றன, தள்ளுகின்றன என்று சாப்ட்வேர் கணக்கிட்டது. சிலிகேட் சங்கிலிகள் ஆங்காங்கே அறுந்திருக்க, அந்த இடைவெளிகளில் தண்ணீர் புகுந்திருந்தது. அந்தத் தண்ணீர் பசையின் ஓர் அங்கம். அதற்கு மேல் மிஞ்சும் தண்ணீரோ உலர்ந்து துளைகளை விட்டுச் செல்லும்; தளம் பலமிழக்கும்.

இத்தகைய கணக்குக்கு உதவும் ‘லாம்ப்ஸ்’ சாப்ட்வேரை இலவசமாக டவுன்லோட் செய்யலாம், விண்டோஸிலும் இயங்கும். வீட்டுக் கம்ப்யூட்டரில் சில ஆயிரம் அணுக்களை வைத்துப் பாருங்கள். ஆனால் கல்வராயன் மலையடிவாரத்தின் கோமுகி அணை முழுவதையும் அணு அணுவாகக் கணக்கிட எந்தச் சூப்பர் கம்ப்யூட்டராலும் முடியாது. உங்கள் வீட்டுத் தளத்துக்கும் 28 நாள் கியூப் டெஸ்ட்தான் தீர்ப்பு.

மேஸ்திரி வாளியைக் கீழே வைத்தார்.