பழைய குசினி அலுமாரிக்குப் புது முகம்

ஒரு வீட்டில் அதிகமாக உழைக்கும் இடம் குசினி. எண்ணெய்ப் புகையும், நீராவியும், ஈரக் கையும் நாள்தோறும் படுவது அங்குள்ள அலுமாரிகளில்தான். பத்துப் பதினைந்து வருடங்களில் கதவின் நிறம் மங்கி, ஓரங்கள் கறுத்து, கைபிடி ஆடத் தொடங்கிவிடும். உடனே, "இதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக ஒரு பேன்ட்ரி அடித்தால் என்ன?" என்ற பேச்சு வீட்டில் எழுகிறது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் பலகை, பிளைவுட், கூலி எல்லாமே எட்டாத உயரத்துக்குப் போய்விட்ட நிலையில், எறிவதற்கு முன் ஒரு கணம் யோசிப்பது நல்லது.

அலுமாரியில் நாம் காண்பது கதவும் சட்டமும் மட்டுமே. பாரம் தாங்குவது உள்ளே இருக்கும் பெட்டி. நமது வீடுகள் பலவற்றில் அது சீமெந்துத் தட்டாகவே இருக்கிறது. பெட்டி உறுதியாக இருந்தால் முகத்தை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் அதை எப்படிச் செய்கிறோம் என்பதில் பணம் மட்டுமல்ல, நமது பிள்ளைகளின் ஆரோக்கியமும் தங்கியிருக்கிறது.

முதலில் சோதனை

ஒரு ஸ்குரூ டிரைவரை எடுத்து பெட்டியின் அடிப்பகுதி, சிங்கின் கீழ்ப்பகுதி, சுவரோடு சேரும் மூலைகள் ஆகியவற்றில் குத்திப் பாருங்கள். முனை இலகுவாக உள்ளே இறங்கினால் அங்கே கறையானோ உக்கலோ இருக்கிறது. சிப்போர்ட் பலகை தண்ணீர் குடித்து ஊதியிருந்தால் அது பழைய நிலைக்குத் திரும்பாது. அந்தத் துண்டை மாற்றத்தான் வேண்டும். அதற்கு முன் குழாய்க் கசிவை நிறுத்த வேண்டும். பலா, தேக்கு போன்ற மரங்களில் செய்த பழைய அலுமாரியாக இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. இன்று வாங்கும் பலகையை விட அது பலமாக இருக்கக்கூடும்.

பெயின்டில் மறைந்திருக்கும் ஆபத்து

பலர் அறியாத விடயம் இது. முற்காலத்து எனமல் பெயின்ட்களில் நிறத்துக்காகவும், விரைவில் காய்வதற்காகவும் ஈயம் சேர்க்கப்பட்டது. இலங்கையில் பெயின்டில் இருக்கக்கூடிய ஈயத்தின் அளவுக்கு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை 2011இல் வரம்பு விதித்தது. அது 2013 ஜனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. ஆகவே, அதற்கு முன் பெயின்ட் பூசிய அலுமாரி என்றால் அதில் ஈயம் இருக்கலாம் என்று எண்ணியே நடந்துகொள்ள வேண்டும்.

பெயின்ட் உரியாமல் இருக்கும் வரை ஆபத்துக் குறைவு. அதை உலர்ந்த நிலையில் அரத்தாளால் தேய்க்கும்போதுதான் தூள் பறந்து தரையிலும், பாத்திரத்திலும், உணவிலும் படிகிறது. தவழும் குழந்தை அந்தக் கையை வாயில் வைக்கிறது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். கர்ப்பிணித் தாயின் உடலிலிருந்து சிசுவுக்கும் செல்லும். இந்த அளவு வரை பாதிப்பில்லை என்று சொல்லக்கூடிய எல்லை ஈயத்துக்கு இல்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடாகும்.

எனவே சகோதரிகளே, வேலைக்கு வரும் பாஸிடம் இவற்றை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்:

• பழைய பெயின்டை உலரத் தேய்க்கவோ, தீச்சுவாலையால் சுட்டு எடுக்கவோ கூடாது.
• தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் அரத்தாளையே பாவிக்க வேண்டும்.
• கதவுகளைக் கழற்றி வெளியே வைத்து, கீழே பொலித்தீன் விரித்துச் செய்ய வேண்டும்.
• குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வரக்கூடாது.
• தூளை விளக்குமாற்றால் கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்து, துணியோடு பையில் கட்டி அகற்ற வேண்டும்.
• வேலை செய்த உடுப்பைத் தனியாகக் கழுவ வேண்டும்.

பழைய பெயின்ட் கதவெங்கும் உரிந்துகொண்டிருந்தால் அதைச் சுரண்டுவதை விட்டுவிட்டு, கதவுகளை மட்டும் புதிதாகச் செய்வதே சிறந்த வழி. சட்டத்தில் பெயின்ட் உறுதியாக இருந்தால் கழுவி, நனைத்து இலேசாகத் தேய்த்து, அதன் மேலேயே பூசலாம்.

போமிக்கா ஒட்டுதல்

வேலைப்பாடு இல்லாத தட்டையான கதவுகளுக்கு இது பொருத்தமானது. போமிக்கா பொதுவாக 8 அடிக்கு 4 அடி தாளாகக் கிடைக்கும். 22 அங்குல உயரமும் 15 அங்குல அகலமும் கொண்ட கதவு என்றால் ஒரு தாளில் 12 கதவுகளின் முன்பக்கத்தை முடிக்கலாம். கடைக்குப் போகுமுன் கதவுகளை அளந்து கடதாசியில் வரைந்து பார்த்தால் அரைத் தாள் வீணாவது மிஞ்சும்.

பசையைக் கதவிலும் தாளிலும் இரு பக்கமும் பூசி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து ஒட்ட வேண்டும். ஒட்டியபின் நகர்த்த முடியாது. ஆகவே இடையில் மெல்லிய குச்சிகளை வைத்து, ஒவ்வொன்றாக உருவிக்கொண்டே நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி அழுத்துங்கள். இந்தப் பசையின் ஆவி எளிதில் தீப்பற்றும். கேஸ் அடுப்பு, மண்ணெண்ணெய் அடுப்பு எதுவும் எரியக்கூடாது. ஜன்னல்களும் திறந்திருக்க வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். பெயின்டின் மேல் போமிக்கா ஒட்டினால் பெயின்ட் உரியும்போது அதுவும் சேர்ந்து வரும். மெல்லிய கதவின் ஒரு பக்கத்தில் மட்டும் ஒட்டினால் நாளடைவில் கதவு வளையக்கூடும். ஆகையால் பின்பக்கத்திலும் மலிவான தாள் ஒன்றை ஒட்டுவது நல்லது.

பெயின்ட் பூசுதல்

பெயின்ட் உரிவதற்குப் பெரும்பாலும் காரணம் பெயின்ட் அல்ல, அடியில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு. இளஞ்சூட்டு நீரில் சலவைச் சோடாவைக் கரைத்து, கையுறை அணிந்து கழுவி, நல்ல தண்ணீரால் இரு தடவை துடைத்துக் காயவிடுங்கள். மண்ணெண்ணெயால் துடைத்தால் அதுவே ஒரு எண்ணெய்ப் படலமாகத் தங்கிவிடும்.

பின்னர் துளைகளைப் புட்டியால் அடைத்து, 120 இலக்க அரத்தாளாலும் அதன்பின் 220 இலக்கத்தாலும் தேய்க்க வேண்டும். அடுத்து பிரைமர், அதன்மேல் இரண்டு மெல்லிய பூச்சு. தடித்த ஒரே பூச்சு வழிந்து சுருங்கும். மேலே சொன்ன 12 கதவுகளுக்கும் இரு பக்கமும் இரண்டு தடவை பூச ஒரு லீற்றர் அளவில் போதுமானது. பழைய போமிக்காவின் மேல் பூசுவதானால் வழுவழுப்பான பரப்பில் பிடிக்கும் பிரைமரைக் கேட்டு வாங்குங்கள். ஒரு மூலையில் பூசிக் காயவிட்டு, ஒட்டுநாடாவை ஒட்டி இழுத்துப் பாருங்கள். பெயின்ட் நாடாவோடு வந்தால் அந்தப் பிரைமர் சரியில்லை.

கைபிடி வாங்கும்போது பழைய துளைகளுக்கிடையிலான தூரத்தை அளந்து செல்லுங்கள். 96, 128 மில்லிமீற்றர் என்பன வழக்கமான அளவுகள். அதே அளவில் வாங்கினால் புதிதாகத் துளையிட வேண்டியதில்லை.

எப்போது தொடங்குவது?

ஈரக்காற்றில் பெயின்ட் சரியாகக் காயாது. கொழும்பு, களுத்துறை, காலிப் பகுதியினருக்கு ஜனவரி முதல் மார்ச் வரையான காலம் உகந்தது. கல்முனை, அக்கரைப்பற்று, காத்தான்குடிப் பகுதியினருக்கு அது மழையின் வாலும் ஈரமுமாக இருக்கும். அவர்களுக்கு மே முதல் செப்டெம்பர் வரை நல்ல காலம்.

பெருநாளுக்கு வீட்டைப் புதுப்பிப்பது நமது வழக்கம். பெருநாள் வருடாவருடம் 10 அல்லது 11 நாட்கள் முந்தி வருவதால், சில வருடங்களில் அது உங்கள் ஊரின் மழைக்காலத்தில் விழும். அப்படியானால் வேலையைப் பெருநாளோடு பிணைக்காமல் வெயில் காலத்திலேயே செய்து முடியுங்கள். தொட்டால் ஒட்டாத பெயின்ட் முழுமையாக இறுகுவதற்கு மேலும் சில வாரங்கள் செல்லும். நோன்புக்கு முந்திய வாரத்தில் பூசினால், சஹர் நேர அவசரத்தில் பாத்திரம் பட்டுக் கீறல் விழும். வாடையும் மாவிலும் அரிசியிலும் ஏறும்.

உறுதியான பெட்டியை வைத்துக்கொண்டு முகத்தை மட்டும் மாற்றும் குடும்பத்துக்குச் செலவில் பெரும்பகுதி மிச்சமாகும். அந்த மிச்சத்தில் ஒரு சிறு பங்கை நல்ல அரத்தாளுக்கும், பொலித்தீனுக்கும், இரண்டு நாள் பொறுமைக்கும் ஒதுக்குங்கள். அலுமாரி பளபளப்பதோடு, அதன் கீழே விளையாடும் பிள்ளையும் பாதுகாப்பாக இருக்கும்.